அப்பாவுக்கு வென்டிலேட்டர் வேண்டாம் என்று சொன்னால் நான் கொன்றதாகுமா?

கெடிலக்கரை (கடலூர்) · செவ்வாய், இரவு 1.40

தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன். அப்பாவுக்கு 74 வயது. நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்து ஒன்றரை வருடமாகிறது. கீமோ இரண்டு சுற்று முடிந்தது, மூன்றாவதை உடம்பு தாங்கவில்லை. இப்போது முதுகெலும்பிலும் ஈரலிலும் பரவிவிட்டது. நேற்று சாயங்காலம் மூச்சுத்திணறல் அதிகமாகி இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் போட்டிருக்கிறார்கள்.

இரவு 11 மணிக்கு டூட்டி டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டார். "ஆக்சிஜன் இறங்கிக்கிட்டே இருக்கு. வென்டிலேட்டர் போடணும்னா இதுல கையெழுத்துப் போடுங்க. வேணாம்னா கூட்டிட்டுப் போயிடுங்க." இரண்டுக்கும் நடுவில் வேறு ஒன்றும் இல்லையா என்று கேட்டேன். அதற்குள் விபத்துக் கேஸ் ஒன்று வந்துவிட்டது, போய்விட்டார்.

அண்ணன் துபாயில் இருக்கிறான். "எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல, எல்லாத்தையும் பண்ணச் சொல்லு" என்று போனில் அழுகிறான். தங்கை இந்த ஒன்றரை வருடமும் அப்பாவுக்குப் பக்கத்திலேயே இருந்து மலம் மூத்திரம் அள்ளியவள். "போதும்ணா, அவர விட்டுடுங்க" என்கிறாள். அம்மா வாய் திறக்கவில்லை. காலைவரை நேரம் கேட்டு வாங்கியிருக்கிறேன். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் அப்பாவை நான் கொன்றதாகுமா? யாராவது முழித்திருந்தால் சொல்லுங்கள்.

அரியாங்குப்பம் செவிலி · இரவு 2.10

தம்பி, முழித்துத்தான் இருக்கிறேன். முதலில் இதைச் சொல்லுங்கள். அப்பாவுக்கு நினைவு இருக்கிறதா? கேட்டால் புரிந்துகொள்கிறாரா? அப்படியென்றால் இதை முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான். நீங்களும் அண்ணனும் அப்புறம்.

26 வருடம் ஐசியுவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வென்டிலேட்டர் என்றால் என்ன என்று உங்களுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லியிருக்க மாட்டார்கள். வாய்வழியாகத் தொண்டைக்குள் விரல் தடிமனுக்கு ஒரு குழாய் போகும். பேச முடியாது, விழுங்க முடியாது. பிடுங்கிவிடாமல் இருக்க மயக்க மருந்து ஓடிக்கொண்டே இருக்கும். பல சமயம் கையைக் கட்டிலோடு துணியால் கட்டியும் வைப்போம். அடிக்கடி சளியை உறிஞ்சி எடுப்போம், அப்போது உடம்பே தூக்கிப் போடும். இதே குழாய்தான் பாம்புக்கடி, பூச்சிமருந்து, நிமோனியா என்று வந்த எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்து வீட்டுக்கு அனுப்பியது. அதனால் அதைக் கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது எந்த நோயையும் குணமாக்காது. நோய் குணமாகிறவரை மூச்சைத் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான்.

ஆகவே காலையில் பெரிய டாக்டர் வந்ததும் இதைக் கேளுங்கள்: "குழாய் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிற நேரத்துல எது சரியாகப் போகுது?" நெஞ்சில் நீர் கோத்திருந்தால் ஊசி போட்டு எடுத்தாலே மூச்சு லேசாகலாம். சளித்தொற்று என்றால் மருந்து கேட்கலாம். புற்று வளர்ந்து நுரையீரலை அடைத்துவிட்டது என்று சொன்னால், குழாயை எடுக்கிற நாள் வரும் என்று அவரால் வாக்குக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

நடுவில் ஒன்றும் இல்லையா என்று கேட்டீர்கள். இருக்கிறது. மாஸ்க் வழியாகவே அழுத்திக் காற்றுக் கொடுக்கிற பைபாப் இருக்கிறது. மார்ஃபின் இருக்கிறது. மார்ஃபினை வலிக்கு மட்டும் கொடுப்பதாக நினைக்கிறார்கள். கொஞ்சமாகக் கொடுத்தால் மூச்சுத்திணறலின் தவிப்பும் அடங்கும். இப்போது போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். தலைமாட்டை உயர்த்தி வையுங்கள், முகத்தில் படும்படி சின்ன ஃபேன் இருந்தால் வையுங்கள்.

கறுப்பு அங்கி (வழக்கறிஞர், கடலூர்) · காலை 6.05

சட்டப்படி சொல்கிறேன். நினைவோடு இருக்கிற ஒருவர் எந்தச் சிகிச்சையையும் வேண்டாம் என்று சொல்லலாம். அதற்கு எந்தக் குழுவும் அனுமதி தர வேண்டியதில்லை. மகன் கையெழுத்துப் போடுவதால் கொலை ஆகாது.

நினைவு தப்பிய பிறகுதான் வேறு நடைமுறை. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியமாகச் சாவதும் அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று சொல்லிவிட்டது. உயிரை இழுத்துப் பிடிக்கும் கருவிகளை நிறுத்தலாம், போடாமலும் விடலாம். ஊசி போட்டு உயிரை முடிப்பதற்கு இன்றைக்கும் அனுமதி கிடையாது, அது குற்றம்தான். அப்போது வகுத்த வழிமுறை மிகவும் சிக்கலாக இருந்தது. மாஜிஸ்திரேட் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்றெல்லாம் இருந்தது. 2023 ஜனவரி 24இல் அதை எளிமையாக்கினார்கள். இப்போது சிகிச்சை தரும் மருத்துவரும், குறைந்தது ஐந்து வருட அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் சேர்ந்து முதல் குழு. தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒருவரும் வேறு இரண்டு நிபுணர்களும் இரண்டாவது குழு. இரண்டும் கூடியவரை 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், குடும்பம் ஒப்ப வேண்டும். அதன்பிறகு மருத்துவமனை மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் கொடுத்துவிட்டுச் செய்யலாம்.

நடப்பு வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான இடங்களில் இந்தக் குழுவைக் கூட்டுவதில்லை. "எங்க பொறுப்புல கூட்டிட்டுப் போறோம்" என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். சட்டம் கொடுத்த ஏற்பாட்டைச் செய்யாமல் பாரத்தைக் குடும்பத்தின் தலையில் இறக்கி வைப்பதாகத்தான் இதைப் பார்க்கிறேன்.

முந்திரிக்காடு (பண்ருட்டி) · காலை 6.50

அந்தக் கையெழுத்தைப் போட்டவன் நான். எங்கள் அம்மாவுக்கு மூளையில் ரத்தக் கசிவு. 19 நாள் ஐசியு. முதல் நாளே "சான்ஸ் ரொம்பக் கம்மி" என்றார்கள். ரொம்பக் கம்மி என்றால் நமக்கு என்ன காதில் விழும்? கொஞ்சம் இருக்கிறது என்றுதான் விழும். 60 சென்ட் முந்திரித் தோப்பை விற்றேன். பத்தொன்பதாம் நாள் அவர்களாகவே கூட்டிப்போகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸில் ஒரு பையன் மூச்சு கொடுக்கும் பலூனை அமுக்கிக்கொண்டே வந்தான். வீட்டு வாசலில் இறக்கி, திண்ணையில் படுக்க வைத்து, "எடுத்துடட்டுமா சார்?" என்று என்னைக் கேட்டான். இருபத்திரண்டு வயது இருக்கும் அவனுக்கு. அவன் கை நடுங்கியது. நான்தான் தலையாட்டினேன். ஏழு வருடம் ஆகிறது, அந்தத் தலையாட்டல் இன்னும் என்னை விடவில்லை.

தோப்பு போனதற்கு அழவில்லை. அந்த 19 நாளில் அம்மாவை ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் கண்ணாடி வழியாகப் பார்த்தேன், அதற்குத்தான்.

கெடிலக்கரை · காலை 9.35

எல்லோருக்கும் நன்றி. அப்பாவிடம் கேட்டுவிட்டேன்.

விடிந்ததும் தலைமாட்டை உயர்த்தி வைத்தோம், கொஞ்சம் தெளிவாக இருந்தார். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்குகிறார். "அப்பா, மூச்சுக்குக் குழாய் போடலாமான்னு கேக்குறாங்க. தொண்டைக்குள்ள போகும். போட்டா பேச முடியாது, எப்ப எடுப்பாங்கன்னும் தெரியாது" என்றேன். என்னையே பார்த்தார். மாஸ்க்கைக் கையால் விலக்கி, "எதுக்கு?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஊட்டுக்குப் போலாம்." அப்புறம் கிணற்று மோட்டாரை ரிப்பேருக்குக் கொடுத்தாயா என்று கேட்டார்.

பெரிய டாக்டரிடம் சிஸ்டர் சொன்ன கேள்வியைக் கேட்டேன். முதல்முறையாக நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். நீர் கொஞ்சம் இருக்கிறது, எடுத்தால் ஓரளவு உதவும். ஆனால் புற்று வலது பக்கம் முழுவதும் அடைத்துவிட்டது, குழாய் போட்டால் எடுக்கிற நிலை வராது என்றுதான் நினைக்கிறேன் என்றார். இதை இரவே யாராவது சொல்லியிருக்கலாம்.

அண்ணன்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணிட்டீங்க" என்று கட் செய்துவிட்டான்.

அரியாங்குப்பம் செவிலி · காலை 10.00

அண்ணன் மீது கோபப்படாதீர்கள். தூரத்தில் இருக்கிற பிள்ளை "எல்லாத்தையும் பண்ணு" என்று சொன்னால், "நான் வந்து முகம் பார்க்கிற வரைக்கும் பிடிச்சு வை" என்று அர்த்தம். எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். வீடியோ காலில் அப்பா முகத்தைக் காட்டுங்கள். அப்பாவே சொல்லட்டும். டிக்கெட் போடச் சொல்லுங்கள். நீரை எடுத்துவிட்டு, அவன் வரும்வரை பைபாப் வைத்துப் பார்க்கலாமா என்றும் டாக்டரைக் கேளுங்கள். அப்பாவுக்கு அது தொந்தரவாக இருந்தால் எடுத்துவிடலாம்.

நெய்வேலி மல்லி · காலை 11.20

தொடங்கியவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்கிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குழாயை எடுக்கலாம், போடாமல் விடலாம், சாப்பாட்டுக் குழாயைக்கூட நிறுத்தலாம். இவ்வளவும் சரி என்றால், ஒரே ஊசியில் முடிப்பது மட்டும் ஏன் தப்பு? எங்கள் அம்மாவுக்கு வாயில் புற்று. கன்னம் ஓட்டையாகிப் புழு வைத்தது. வலிக்கு மாத்திரை கொடுத்தோம். வலியை விட அந்த நாற்றத்துக்கும், பேரப்பிள்ளைகள் கிட்டே வராததற்கும்தான் அழுதாள். "என்னக் கொன்னுடு மல்லி" என்று என் கையைப் பிடித்துக் கேட்டவள் பைத்தியக்காரி இல்லை. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் 2002இலிருந்து இதற்குச் சட்டம் இருக்கிறது. அவர்கள் எல்லாம் இரக்கமில்லாதவர்களா? என் அம்மா மூன்று மாதம் அப்படிக் கிடந்தது யாருக்கு நல்லது?

சக்கர நாற்காலி (புதுச்சேரி) · மதியம் 12.45

மல்லி அக்கா, உங்கள் அம்மாவை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. என் பக்கத்தையும் கேளுங்கள்.

11 வருடத்துக்கு முன் ஈசிஆர் சாலையில் பைக் விழுந்து கழுத்தெலும்பு உடைந்தது. கழுத்துக்குக் கீழே அசைவு இல்லை. 40 நாள் வென்டிலேட்டரில் இருந்தேன். என் காது கேட்கும் என்று தெரியாமல் கட்டில் பக்கத்திலேயே நின்று ஒரு சொந்தக்காரர், "இப்படிப் பொழைச்சு என்ன பண்ணப் போறான், ஆண்டவன் எடுத்துக்கிட்டா நல்லது" என்றார். அன்றைக்கு என்னிடம் ஒரு படிவத்தைக் காட்டிக் கேட்டிருந்தால் நானே "முடிச்சுடுங்க" என்று கண்ணைச் சிமிட்டியிருப்பேன். முதல் இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தேன். இன்றைக்கு வாயால் குச்சி பிடித்து இந்தத் தட்டச்சு செய்கிறேன். கணக்கு எழுதிக் கொடுத்துச் சம்பாதிக்கிறேன்.

கெடிலக்கரை அண்ணனின் அப்பாவுக்கும் எனக்கும் வித்தியாசம் உண்டு, தெரியும். அவருடைய நோய் அவரைக் கொண்டுபோகிறது. என்னுடைய உடம்புக் குறை என்னைக் கொண்டுபோகவில்லை. ஆனால் கூட்டம் கூடிப் பேசும்போது இரண்டையும் ஒரே கண்ணால்தான் பார்க்கிறார்கள். "இப்படி ஒரு வாழ்க்கை" என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குப் பயம் வருகிறது.

கறுப்பு அங்கி · மதியம் 1.30

தம்பி சொல்வது சட்ட வரலாற்றிலும் இருக்கிறது. மும்பை கேஇஎம் மருத்துவமனைச் செவிலி அருணா ஷான்பாக். 1973 நவம்பரில் தாக்கப்பட்டு மூளை பாதிக்கப்பட்டது. அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்று பத்திரிகையாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றம் போனார். 2011இல் மனு தள்ளுபடி. அருணாவுக்காகப் பேசும் உரிமை, அத்தனை வருடம் அவரைக் குளிப்பாட்டிச் சோறூட்டிய அந்த மருத்துவமனை ஊழியர்களுக்கே உண்டு என்றது நீதிமன்றம். அவர்கள் விடச் சம்மதிக்கவில்லை. 2015 மே மாதம் நிமோனியாவில் இறந்தார். ஆனால் அதே தீர்ப்பில்தான் கருவிகளை நிறுத்துவதற்கான கதவும் முதன்முதலாகத் திறந்தது.

மூளைச்சாவை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மூளைச்சாவு என்று 1994 உறுப்புமாற்றுச் சட்டப்படி மருத்துவர்கள் ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துச் சொன்னால் அவர் இறந்துவிட்டார். கோமா அப்படி இல்லை.

முந்திரிக்காடு · மதியம் 2.15

மல்லி அக்காவுக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஊசிக்குச் சட்டம் வந்தால் எனக்குப் பயமாக இருக்கும், ஏன் என்று சொல்கிறேன். தெற்கே விருதுநகர், மதுரைப் பக்கம் தலைக்கூத்தல் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். படுத்த படுக்கையான கிழவர்களுக்கு விடியற்காலையில் தலை நிறைய எண்ணெய் வைத்துக் குளிர்ந்த தண்ணீரில் குளிப்பாட்டுவது, வயிறு முட்ட இளநீர் கொடுப்பது. இரண்டு மூன்று நாளில் காய்ச்சலோ சளியோ வந்து போய்விடுவார்கள். அதைச் செய்தவர்களும் "கஷ்டப்படாம போகட்டும்" என்றுதான் சொல்வார்கள். சிலர் உண்மையாகவே அப்படி நினைத்திருக்கலாம். ஆனால் அந்தக் கிழவியைக் கேட்டார்களா? பாகம் பிரிக்காத நிலம் இருந்ததா? மருமகளுக்கு வேலைக்குப் போக வேண்டியிருந்ததா? நம் வீடுகளில் வயதானவர்கள் "நான் உங்களுக்குப் பாரம்" என்று தினமும் சொல்கிறார்கள். அதைச் சம்மதம் என்று ஒருத்தன் எழுதி வாங்கிவிடுவானே.

நெய்வேலி மல்லி · மதியம் 2.40

அது கேட்காமல் செய்தது. என் அம்மா கேட்டாள். இரண்டும் ஒன்று என்று சொல்லாதீர்கள்.

அரியாங்குப்பம் செவிலி · மதியம் 3.30

ஒன்று இல்லைதான் மல்லி. நான் உங்களோடு சண்டை போட வரவில்லை. ஆனால் அம்மா புண்ணுக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடி செய்து தூவச் சொல்லி யாராவது சொன்னார்களா? நாற்றம் இரண்டு மூன்று நாளில் குறையும். புழுவுக்கு டர்பன்டைன் துணி வைத்து வெளியே இழுக்கலாம். ஒரு மாத்திரைப் பட்டையின் விலை எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? இதைத் தெரிந்த ஒருத்தி மூன்று மாதத்தில் ஒரு நாள் உங்கள் வீட்டு வாசல்படி ஏறியிருந்தால், அம்மா வேறு மாதிரி பேசியிருப்பாளோ என்னவோ. பேசாமலும் இருந்திருக்கலாம். வலி எல்லோருக்கும் அடங்கிவிடும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். எதற்கும் கேட்காத வலி சிலருக்கு உண்டு. அவர்களை மருந்து கொடுத்து ஆழ்ந்த மயக்கத்தில் வைக்கலாம், அது கொலையில் சேராது.

என் ஆத்திரம் என்னவென்றால், மார்ஃபின் செய்ய அபினியை விளைவித்துக் கொடுக்கிற நாடு இது. 1985 போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து கடைகளும் மருத்துவமனைகளும் வாங்கி வைப்பதையே விட்டுவிட்டன. 2014இல் சட்டத்தைத் திருத்தி எளிதாக்கினார்கள். இன்னும் பாதி டாக்டர்களுக்கு எழுதப் பயம், பாதி குடும்பங்களுக்கு "அது கடைசி மருந்து, கொடுத்தா போயிடுவாங்க" என்று பயம். மருந்து இருக்கும்போது துடிக்க விட்டுவிட்டு, சாவு வேண்டுமா வேண்டாமா என்று பேசுகிறோம்.

நெய்வேலி மல்லி · மதியம் 3.55

மெட்ரோனிடசோல் பற்றி யாரும் சொல்லவில்லை. 

நெல்லித்தோப்பு வாத்தியார் · மாலை 5.10

எங்கள் தேவாலயப் பங்கில் சிலர் வென்டிலேட்டரை மறுப்பது பாவம் என்றே நினைக்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபை அப்படிச் சொல்லவில்லை. 1957 நவம்பரில் திருத்தந்தை 12ஆம் பயஸ் மயக்கமருந்து மருத்துவர்களிடம் பேசும்போது, அசாதாரணமான வழிகளைக் கையாண்டு உயிரை நீட்டிக்க யாருக்கும் கடமை இல்லை என்றார். வலி போக்கும் மருந்தால் ஆயுள் சற்றுக் குறைந்தாலும், நோக்கம் வலியைப் போக்குவது என்றால் கொடுக்கலாம் என்றும் அதே வருடம் சொல்லியிருக்கிறார். உயிரை எடுக்கும் நோக்கத்தோடு செய்வதைத் திருச்சபை ஏற்காது. நோயில் பூசுதலுக்கு (நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செய்யும் ஜெபத்துக்கு) ஃபாதரைக் கூப்பிட்டால் ஆள் போய்விடுவார் என்று பயந்து, நினைவு தப்பிய பிறகு கூப்பிடுகிறார்கள். பேசத் தெம்பு இருக்கும்போதே கூப்பிடுங்கள்.

செஞ்சிக்கோட்டை · மாலை 6.00

நம் பக்கத்துக் கல்லிலேயே இந்தப் பேச்சு இருக்கிறது. செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று. 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியருக்கு அங்கே கல்வெட்டு உண்டு. சமணர்கள் அதைத் தற்கொலை என்று சொல்வதில்லை. பிசிராந்தையாரின் நண்பன் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததும் நமக்குத் தெரிந்ததுதான். 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் சமணரின் சந்தாரா நோன்பைத் தற்கொலை என்று தடுத்தது. அதே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. என் தாத்தாவும் கடைசிப் பத்து நாள் சோறு வேண்டாம் என்றார். யாரும் வற்புறுத்தவில்லை. அப்போது எங்கள் ஊரில் ட்ரிப்ஸ் போட ஆள் இல்லை.

சொல்தா பேரன் (புதுச்சேரி) · இரவு 9.15

எங்கள் வீட்டில் பெரியப்பா ஒருவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பாரீஸ் பக்கத்திலேயே தங்கிவிட்டார். அங்கே 2016இலேயே சட்டம் வந்துவிட்டது. எனக்கு என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று முன்கூட்டியே எழுதி வைத்தால் டாக்டர் அதற்குக் கட்டுப்பட வேண்டும். நினைவு தப்பினால் எனக்காகப் பேச இன்னார் என்று ஒருவரை நியமிக்கலாம். சாவு நெருங்கி, வலி தாங்காத நிலையில் கடைசிவரை மயக்கத்தில் வைக்கச் சொல்லிக் கேட்கலாம். பெரியப்பா தன் மனைவியையோ மகனையோ எழுதாமல் ரேஷிமென்ட்டில் கூட இருந்த காரைக்கால் நண்பர் பெயரை எழுதியிருந்தார். "எம்புள்ள அழுவான், அவனால முடியாது" என்றாராம். அந்த நண்பர் அழாமல் போய்ச் சொன்னார். பெரியப்பா இரண்டாம் நாள் தூக்கத்திலேயே போனார். 2025 மே மாதம், சாக உதவி கேட்கும் உரிமைக்கான மசோதாவையும் அங்கே தேசியப் பேரவை முதல் வாசிப்பில் ஏற்றது. மல்லி அக்கா கேட்ட கேள்வியைத்தான் அவர்களும் கேட்கிறார்கள்.

எழுதி வைக்காததால் என்ன ஆனது என்பதற்கும் அங்கேதான் உதாரணம். வின்சென்ட் லாம்பெர் என்பவர் 2008இல் விபத்தில் சிக்கி, மூளை பாதிக்கப்பட்டுப் படுத்த படுக்கையானார். மனைவி விடச் சொன்னார், பெற்றோர் விடக் கூடாது என்றார்கள். கோர்ட் கோர்ட்டாக ஏறி 2019 ஜூலையில்தான் முடிந்தது. ஒரு துண்டுக் காகிதம் இருந்திருந்தால் அந்தக் குடும்பம் இரண்டாகியிருக்காது என்று பெரியப்பா சொல்வார்.

கெடிலக்கரை · சில வாரம் கழித்து, ஞாயிறு

எல்லோரும் கேட்டிருந்தீர்கள். அப்பா போய்விட்டார். வீட்டில், ஒன்பதாம் நாள், விடியற்காலை நாலரை மணிக்கு.

நீர் எடுத்த மறுநாள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வாடகைக்கு எடுத்தோம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பார்க்கிற செவிலியர் இருக்கிறார் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. மார்ஃபின் மாத்திரையில் பாதி, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து. முதல் நாள் கொடுக்கும்போது என் கை நடுங்கியது, இதைக் கொடுத்து மூச்சு நின்றுவிட்டால் என்ன செய்வேன் என்று. அரை மணி நேரம் கழித்துத் தோள்பட்டை இறங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் தோளைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தவர், சாதாரணமாகப் படுத்தார். அம்மாதான் முதலில் கவனித்தாள். "தோள் இறங்கிடுச்சு பாரு" என்றாள்.

மூன்றாம் நாள் அண்ணன் வந்தான். அப்பா அவனிடமும் மோட்டாரைப் பற்றித்தான் கேட்டார். அண்ணன் போய் மோட்டாரைச் சரிபார்த்து, ஓட விட்டு, தண்ணீர் விழுகிற சத்தத்தைப் போனில் பதிவு செய்து கொண்டுவந்து காட்டினான். வென்டிலேட்டர் பேச்சை அவன் அதற்குப் பிறகு எடுக்கவேயில்லை.

ஆறாம் நாளிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. அத்தை வந்து, "எங்கண்ணன பட்டினி போட்டுக் கொல்றீங்களா, ஒரு பாட்டில் ட்ரிப்ஸ் ஏத்தக்கூட வக்கில்லையா" என்று கத்தினாள். தெருவே கேட்டது. எனக்கு அது சாவை விடக் கொடுமையாக இருந்தது. அன்று இரவு செவிலி அக்காவுக்குத் தனிச்செய்தி அனுப்பினேன். உடம்பு மூடிக்கொண்டு வரும்போது பசி எடுக்காது, தண்ணீர் ஏற்றினால் அது காலிலும் நெஞ்சிலும் தேங்கித் திணறலைத்தான் கூட்டும், வாய் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று எழுதினார். அதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் அவளே மல்துணியை நனைத்துச் சுண்டுவிரலில் சுற்றி, உதடு, நாக்கு, ஈறு என்று அப்பாவுக்குத் துடைத்துவிட ஆரம்பித்தாள். கடைசி மூன்று நாளும் அந்த வேலையை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.

எட்டாம் நாள் "இழுத்துக்கிட்டு இருக்கு, மண்ணாசையா இருக்கும், கொல்லை மண்ணக் கரைச்சு ஊத்துங்க" என்று பெரியவர்கள் சொன்னார்கள். பால் ஊற்ற வரிசையாக வந்தார்கள். நினைவு இல்லாதவர் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குத்தான் போகும் என்று அக்கா முன்பே எச்சரித்திருந்தார். எப்படித் தடுப்பது என்று முழித்தேன். தங்கைதான் பால் கிண்ணத்தில் துணியை நனைத்து, ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, உதட்டில் மட்டும் தொட்டு வைக்கச் சொன்னாள். வந்தவர்கள் எல்லோருக்கும் திருப்தி. கொல்லை மண்ணை அம்மா கொஞ்சம் எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. ஒருக்களித்துப் படுக்க வைத்தோம், குறைந்தது. 108ஐக் கூப்பிடவில்லை. பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் வந்து இறப்புக்கான காரணம் எழுதிக் கொடுத்தார், பதிவு செய்வதில் சிக்கல் வரவில்லை.

நான் கொன்றேனா என்று கேட்டு இந்த இழையைத் தொடங்கினேன். ராத்திரியில் அந்தக் கேள்வி இன்னும் வருகிறது. வரும்போது "எதுக்கு?" என்று மாஸ்க்கை விலக்கிய அப்பா முகமும் கூடவே வருகிறது. அன்றைக்குக் காலையில் கேட்காமல் விட்டிருந்தால் என்னிடம் அந்த முகம் இருந்திருக்காது.

முந்திரிக்காடு · ஞாயிறு

படித்தேன் அண்ணா. அப்பாவின் உள்ளங்கை மண்ணை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

தவளக்குப்பம் · ஞாயிறு

முதல்முறை எழுதுகிறேன். அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். வயது 69. இப்போது நன்றாகத்தான் பேசுகிறார். அவரிடம் இதை எப்படிக் கேட்பது? "நீ எப்ப சாவன்னு பாக்குறானா" என்று நினைத்துவிட்டால்?

கெடிலக்கரை · ஞாயிறு

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. காரியம் முடிந்த மறுநாள் அம்மா திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து ஆய்ந்தேன். "அப்பாவுக்குச் செஞ்சதெல்லாம் சரியாம்மா?" என்று கேட்டேன். அவளைப் பற்றிக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கீரையையே பார்த்தாள். அப்புறம் அவளாகவே ஆரம்பித்தாள். "எனக்கும் குழா வேணாம். ஆனா ஆசுபத்திரியே வேணாம்னு நான் சொல்லல. ஊசி போட்டா எழுந்துக்குவேன்னா போடு. வலி மட்டும் என்னால ஆவாது. அப்புறம், உங்க ரெண்டு பேரையும் கேக்க வேணாம், தங்கச்சியக் கேளுங்க. அவளுக்குத்தான் தெரியும்." கீரை ஆய்ந்து முடிவதற்குள் எல்லாம் சொல்லிவிட்டாள். நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். டயாலிசிஸ் போகும் வழியில், அங்கே பக்கத்துக் கட்டிலில் இருந்த யாரைப் பற்றியாவது பேச்சு எடுத்துப் பாருங்கள்.

வக்கீல் சார், அம்மா சொன்னதை முறையாக எழுதி வைக்க என்ன செய்ய வேண்டும்?

கறுப்பு அங்கி · ஞாயிறு

அம்மா சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள், தமிழில் இருக்கலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும், கூடியவரை சொத்தில் பங்கில்லாத வெளியாட்களாகப் பாருங்கள். நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி சான்றொப்பம் போட்டால் போதும், கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. தங்கையின் பெயரை எழுதுங்கள், அவர் இல்லாவிட்டால் யார் என்று இன்னொரு பெயரும் சேர்க்கலாம். ஒரு நகல் குடும்ப டாக்டரிடம், ஒன்று மாநகராட்சியில் இதற்கென்று உள்ள அதிகாரியிடம். அம்மா மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம், அதையும் அவரிடம் சொல்லுங்கள். புதன்கிழமை மஞ்சக்குப்பத்தில்தான் இருப்பேன். அம்மாவை மாடி ஏற்ற வேண்டாம், வந்ததும் போன் செய்யுங்கள், நான் கீழே வருகிறேன்.